கல்லடிப் பாலமும் கருங்கல் மதகுகளும்

மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் கல்லடிப் பாலத்தைப் பார்க்காமல் திரும்புவது குறைவு. பௌர்ணமி இரவில் வாவியில் தோணி மேல் இருந்து மீன் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று ஆசையோடு வருவார்கள். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் டெனென்ட் அந்த ஓசையைத் தன் காதால் கேட்டு, 1859இல் வெளிவந்த நூலில் எழுதினார். விபுலானந்த அடிகளார் நீரரமகளிரை வைத்துப் பாடல் புனைந்தார். வாவியின் பாட்டைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. நான் சொல்ல வந்தது பாலத்தைப் பற்றி. அதுவும் பாலத்தின் அடியைப் பற்றி.

1978 கார்த்திகைச் சூறாவளிக்குச் சற்று முன்னர் வீதி வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஓவசியராக ஓய்வுபெற்றேன். வீதி ஓவசியர் என்றால் தார் ஊற்றுவதை மேற்பார்க்கிற ஆள் என்று எல்லோரும் நினைப்பார்கள். என் காலத்தில் பெரும்பகுதி பாலங்களுக்கும் மதகுகளுக்கும் கீழேதான் கழிந்தது. முழங்கால் அளவு சேற்றில் நின்று, கையில் சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே பஸ் போகிற சத்தத்தைக் கேட்டபடி பார்க்கிற வேலை அது.

தொழில் பழகியது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில். வவுணதீவு, ஆயித்தியமலை, கரடியனாறு என்று வயலுக்கு நடுவே போகிற வீதிகளில், வாய்க்காலும் ஓடையும் குறுக்கிடுகிற இடமெல்லாம் ஒரு மதகு இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் வேலை பல இடங்களில் மிஞ்சியிருந்தது. பக்கச் சுவர் கருங்கல். மேலே சிலவற்றில் வளைவு, சிலவற்றில் பிற்காலத்துக் கொங்கிறீட் பலகை. என்னை அங்கே கூட்டிக்கொண்டு திரிந்தவர் ஒரு மூத்த மேசன். அவருக்கு எழுத்து வாசிப்பு அதிகம் இல்லை. மதகடிக்குப் போனதும் நான் வீதியில் நின்று அளவு எடுக்கத் தொடங்கினால் கீழே இருந்து சத்தம் போடுவார்: "தம்பி, றோட்டப் பாக்காதீங்க. தண்ணி எங்கால வருது, எங்கால போகுது எண்டு முதல்ல பாருங்க." அவர் சொன்னதற்கு மேலே பெரிதாக எதையும் பிறகு எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்கவில்லை. பயிற்சியில் கிடைத்ததெல்லாம் அதற்கான காரணங்கள்.

கருங்கல் நசுக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும். வளைக்கும் பாரத்தைத் தாங்காது. ஒரு கற்பலகையை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் பாரம் ஏற்றினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். கல்லுக்கு அந்த இழுவை ஆகாது, வெடித்துவிடும். அனுராதபுரத்தில் பழங்காலக் கற்பாலங்களின் மிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கற்றூண்களை நெருக்கம் நெருக்கமாக நட்டு அவற்றின் மேல் கற்பலகையை அடுக்கியிருப்பார்கள். தூணுக்குத் தூண் தூரம் கூடினால் பலகை நிற்காது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அகலமான இடத்தைக் கல்லால் கடக்க வேண்டுமானால் வளைவு கட்ட வேண்டும். வளைவில் ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம். கீழே மரச்சாரம் கட்டி, இரண்டு பக்கமிருந்தும் சமமாக அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் நடுக்கல்லை இறுக்குவார்கள். பிறகு சாரத்தை மெதுவாக இறக்குவார்கள். அந்த நேரம் வளைவு ஒரு நூல் அளவு இறங்கி உட்காரும். அதற்குப் பிறகு மேலே பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கும். இழுபடுகிற இடமே இல்லை, எல்லாம் நசுக்கம். கல்லுக்கு எது பலமோ அதை மட்டும் அதனிடம் கேட்கிற வடிவம் இது.

இந்த நெருக்கம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. அது இரு கரைச்சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். சுவரும் அதன் பின்னால் இருக்கும் மண்ணும் அசையாமல் நின்றால் வளைவுக்கு நூறு வருஷம் ஒரு பொருட்டில்லை. சுவர் கொஞ்சம் பின்வாங்கினாலும் உச்சியின் அடிப்பக்கத்தில் வெடிப்புத் திறக்கும். ஒரு பக்கச் சுவர் மட்டும் அமிழ்ந்தால் வெடிப்பு சாய்வாக ஓடும். வளைவுக்கும் பக்கவாட்டுச் சுவருக்கும் இடையே நீளமாக ஒரு பிரிவு தெரிந்தால், உள்ளே நிரப்பிய மண் தண்ணீர் குடித்து ஊதி, சுவரை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். மேலே தார் பூசிய வீதி கண்ணாடியாகக் கிடக்கும். கீழே போய்ப் பார்த்தால் மதகு தன் வருத்தத்தைச் சுவரிலே எழுதி வைத்திருக்கும்.

திருத்த வேலையில் எனக்குப் பிடித்தது பொருத்து நிரப்புவது. அதை ஒழுங்காகச் செய்வதை இப்போது காண்பது அரிது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுகிய கல் கணீர் என்று சொல்லும். பின்னால் சாந்து கரைந்த கல் பொத்தென்று சொல்லும். அப்படிச் சொன்ன இடங்களைச் சுண்ணாம்பால் புள்ளி வைப்போம். பிறகு பொருத்துகளில் உக்கிய சாந்தை ஒடுக்கமான உளியால் கிளறி எடுக்க வேண்டும். மேலோடு சுரண்டினால் போதாது, விரல் உள்ளே போகிற ஆழம் வேண்டும். தூசி போகக் கழுவி, பொருத்து ஈரமாக இருக்கும்போதே சாந்தைத் திணிக்க வேண்டும். பூசுவது இல்லை, திணிப்பது. அகலமான பொருத்தில் சாந்தோடு கருங்கல் சல்லியையும் ஆப்பாக அடித்து இறுக்குவார் மேசன். கடைசியில் ஈரச் சாக்குப் போட்டுச் சில நாள் காய விடாமல் வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் வெடித்து, செய்ததெல்லாம் வீண்.

பழைய சாந்து சுண்ணாம்புச் சாந்து. எங்கள் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதற்குத் தடை. கடலுக்கு அது நல்லது. தண்ணீர் படுகிற இடத்துக்குச் செங்கல் தூளும் சேர்ப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து மெதுவானது. கட்டடம் கொஞ்சம் அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சீமெந்துச் சாந்து அப்படியில்லை. கல்லை விடவும் பிடிவாதமாக நிற்கும். உள்ளே இறங்கிய தண்ணீருக்கு வழி அடைத்துவிடும்.

ஒருமுறை ஒரு ஒப்பந்தக்காரர் எங்களுக்கு மேலிருந்து வந்த கட்டளைப்படி ஒரு வளைவு மதகு முழுவதற்கும் சீமெந்து பூசி, கசிவுத்துளைகளையும் சேர்த்து மூடிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. படம் எடுத்துக் கோப்பிலும் போட்டார்கள். அடுத்த மாரியில் உள்ளே நிரம்பிய தண்ணீர் சிறகுச் சுவரைத் தள்ளிச் சாய்த்தது. அந்தச் சுவருக்கு முட்டுக் கொடுத்து, துளைகளைத் திறந்தபோது சேற்றுத் தண்ணீர் பீறிட்டு வந்ததைச் சுற்றி நின்ற வயற்காரர் எல்லோரும் பார்த்தார்கள். கசிகிற மதகைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லுவேன்: கசிய வேண்டிய இடத்தில் கசியாத மதகுக்குத்தான் பயப்பட வேண்டும்.

படுவான்கரையில் இத்தனை கல்வேலை இருக்க, வாவிக்கு மேல் ஒரு கற்பாலம் ஏன் இல்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறதே, கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, 1921இல் கட்டியது, இரும்பே இல்லாமல் நிற்கிறதே என்பார்கள். அந்தப் பாலம் நிற்பது மலைநாட்டில். அதன் கால்களுக்குக் கீழே உறுதியான நிலம். வளைவு தள்ளுகிற தள்ளலை இரண்டு பக்கமும் மலை வாங்கிக்கொள்கிறது. எங்கள் வாவியின் அடியில் கிடப்பது காலங்காலமாக ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய களியும் மணலும். எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். அங்கே வளைவுக்கு முதுகு கொடுக்க என்ன இருக்கிறது? ஒரு தூண் கொஞ்சம் அமிழ்ந்தால் போதும், பக்கத்து வளைவும் அதற்குப் பக்கத்து வளைவும் சேர்ந்து குலையும். கருங்கல்லும் உள்நாட்டுப் பாறைகளிலிருந்து வரவேண்டும். ஆகவே வாவியைக் கடக்கப் பாரம் குறைந்த, நீளமாகப் பாயக்கூடிய, ஒரு தூண் சற்று இறங்கினாலும் பக்கத்துக் கண்ணைக் கெடுக்காத ஒன்று தேவைப்பட்டது. அது இரும்பு.

இரும்பு வருவதற்கு முன்னர் கடந்தது தோணியிலும் பாதையிலும். இரண்டு படகை இணைத்துப் பலகை அடித்து, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மிதப்பைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்கிறோம். மண்முனைத்துறையில் ஜப்பான் உதவியோடு 210 மீற்றர் பாலம் 2014இல் திறக்கும் வரையில் ஆட்களும் சைக்கிளும் நெல் மூட்டையும் பாதையில்தான் வந்தன. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் நடுவிலும் பாதையை நம்பி வாழ்ந்த சனம் உண்டு. மாரியில் வாவி குழம்பினால் பாதை நிற்கும். நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோக முடியாமல் துறையில் வைத்துக்கொண்டு நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பாலம் என்பது யாருக்கு என்ன என்று அந்தத் துறைகளில் நின்றால் விளங்கும்.

கல்லடியில் இரும்புப் பாலம் வந்தது 1924இல். அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் வில்லியம் மனிங். அவருடைய மனைவியின் பேரால் லேடி மனிங் பாலம் என்று பேர் வைத்தார்கள். சனம் கல்லடிப் பாலம் என்றே சொன்னது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அதற்கும் முந்தியது இந்தப் பாலம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று எழுவான்கரை முழுவதற்கும் நகரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாசல் அதுவே. ஒரு வாகன அகலம். நகரப் பக்கத்திலிருந்து வாகனம் வந்தால் கல்லடிப் பக்கத்தில் நிற்க வேண்டும். மாட்டு வண்டிக் காலத்துக்குத் தாராளமாக இருந்த அகலம், பஸ்ஸும் லொறியும் பெருகிய பிறகு கழுத்தை நெரித்தது. போர்க்காலத்தில் அதே ஒடுக்கமான வழியில் சோதனைக்காக வரிசையில் நின்ற நாட்களை மட்டக்களப்பில் வளர்ந்த எவரும் மறக்க மாட்டார்கள்.

இரும்புப் பாலத்துக்குச் செய்கிற பணிவிடை கல்லுக்குச் செய்வதைப் போல் இல்லை. அந்தக் காலத்து உருக்குப் பாலங்கள் றிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு மறுபக்கம் அடித்துத் தலை வைப்பார்கள். அது ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுகக் கவ்வும். பல வருஷ அதிர்வில் சிலது தளரும். அதைக் கண்டுபிடிக்கச் சுத்தியலும் விரலும் போதும். றிவெட் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மறுபக்கத்தில் இலேசாகத் தட்ட வேண்டும். இறுகியது விரலுக்கு ஒன்றும் சொல்லாது. தளர்ந்தது சிலிர்க்கும். தலையைச் சுற்றிக் கபில நிறத்தில் துரு வடிந்த கோடு இருந்தால் தட்டாமலேயே சந்தேகப்படலாம்.

பெரிய எதிரி உப்பு. எங்கள் வாவி முழுக் கடலும் இல்லை, முழு ஆறும் இல்லை. கடலும் மறுபக்கம் கூப்பிடு தூரத்தில். காற்றில் எப்போதும் உப்பு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் இருக்கிற பட்டைதான் இரும்பு முதலில் கெடுகிற இடம். அடுத்தது குப்பை தங்குகிற மூலைகள். மணலும் காகத்தின் எச்சமும் இலையும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; மேலே பெயின்ற் நன்றாகத் தெரியும், கிளறினால் தகடு ஏடு ஏடாகக் கழன்று வரும். ஆகவே பெயின்ற் பூசுவது வேலையின் கடைசிப் பகுதிதான். சுரண்டுவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் தூசி துடைப்பதும்தான் வேலை. துருவுக்கு மேலே பூசிய பெயின்ற் துருவை மூடி வளர்க்கும். பார்வையிட வருகிறவர்களுக்கு முன்னால் அவசரமாகப் பூசச் சொன்ன நேரங்களில் நான் முரண்டு பிடித்திருக்கிறேன். அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்பு வெயிலில் நீளும். 50 மீற்றர் நீளமான உருக்குக்கு 20 பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீட்சி. கேட்பதற்குச் சின்னக் கணக்கு. அந்த 12 மில்லிமீற்றருக்கு இடம் கொடுக்காவிட்டால் தூணின் தலை வெடிக்கும். அதற்காகவே உருக்குப் பாலத்தின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு முனையை நிலையாகவும் மறு முனையை நகரும்படியும் வைப்பார்கள். அந்த நகரும் முனையில் மணல் நிறைந்து துருப்பிடித்து இறுகிப் போவது சாதாரணம். ஒரு வாளி, ஒரு தூரிகை, கொஞ்சம் கிறீஸ். இவ்வளவு வேலையை வருஷா வருஷம் செய்தால் பெரிய செலவு தள்ளிப் போகும். எந்தத் திறப்பு விழாவிலும் சேராத வேலை என்பதால் அது தவறிப் போகிறது.

கல்லுக்கும் இரும்புக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. அது தூணின் அடி அரிப்பு. ஓடுகிற தண்ணீர் தூணில் முட்டிக் கீழ்நோக்கிச் சுழன்று, மேல்பக்கத்து மூக்கில் மணலைக் கிளறிக் குழி தோண்டும். எங்கள் வாவியில் இது வருஷம் முழுக்க நடப்பதில்லை. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும். வாவி குளம் போல இருக்கும். மாரியில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் நிறைந்து, படுவான்கரை வயலெல்லாம் மூழ்கும். பிறகு பாலமீன்மடுவில் ஆற்றுவாய் திறக்கும், அல்லது வெட்டித் திறப்பார்கள். அவ்வளவு நாளும் தேங்கியிருந்த தண்ணீர் கடலைப் பார்த்து ஓடத் தொடங்கும். தெற்கேயிருந்து முகத்துவாரத்துக்குப் போகிற அந்த ஓட்டத்தின் வழியில் கல்லடி நிற்கிறது. ஆற்றுவாய் வெட்டின நாட்களில் வயற்காரர் வயலைப் பார்ப்பார்கள்; மீன்காரர் வலையைப் பார்ப்பார்கள். நாங்கள் தூணைப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது தோண்டப்பட்ட குழியை, வெள்ளம் வடிகிறபோது அதே தண்ணீர் மணல் கொண்டுவந்து மூடிவிடும். வடிந்த பிறகு போய் ஆழம் அளந்தால் எல்லாம் பழையபடி இருப்பதாகத் தெரியும். இதை எனக்குக் காட்டித் தந்தவர் வீச்சுவலைக்காரர் ஒருவர். அவருடைய தோணியில்தான் தூணைச் சுற்றிப் போனோம். அளவு கட்டிய கயிற்றை இறக்கி நான் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் தாங்குகோலை எடுத்து அடியில் ஊன்றினார். தூணிலிருந்து தள்ளிய இடத்தில் கோல் டக்கென்று நின்றது. தூணின் மூக்கடியில் ஊன்றியபோது அது நழுவிக்கொண்டே இறங்கி, ஒரு முழத்துக்கும் கீழே போய்த்தான் நின்றது. "இது இந்த வெள்ளத்து மணல் மனே, பழைய அடி கீழ கிடக்கு" என்றார். கயிறு காட்டிய ஆழம் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்று. கோல் காட்டிய ஆழம் வேறு. அந்தத் தளர்ந்த மணல் தூணுக்கு எந்த ஆதரவும் தராது. அடுத்த வெள்ளம் அதை முதல் மணித்தியாலத்திலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு அறிக்கையிலும் கயிற்றளவுக்குப் பக்கத்தில் கோலளவையும் எழுதினேன்.

ஒருமுறை தமிழ்நாட்டில் திருச்செந்தூருக்குப் போன வழியில் திருநெல்வேலியில் தங்கியபோது, கூட வந்தவர்கள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போக, நான் முதலில் தாமிரபரணிக்குப் போனேன். சுலோசன முதலியார் பாலத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர், ஆற்றைக் கடக்கிற சனத்திடம் சுங்கம் வாங்கக் கூடாது என்று சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம். 1843இல் திறந்தார்கள். 11 வளைவுகள், 760 அடி நீளம். லண்டனில் தேம்ஸ் நதி மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். பின்னாளில் அகலப்படுத்தியிருந்தாலும் இன்றும் அதன் மேல் வாகனம் போகிறது. வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எங்கள் மூத்த மேசன் இதைப் பார்க்கவில்லையே என்ற கவலை வந்தது.

மாதிரியாக இருந்த அந்தப் பாலத்தின் கதை வேறு விதம். ஜோன் ரெனி வடிவமைத்த வாட்டர்லூ பாலம் 1817இல் திறக்கப்பட்டது. ஒன்பது கருங்கல் வளைவுகள். கல்லில் ஒரு குறையும் இல்லை. அதற்குக் கீழே ஆற்றோட்டத்தில் நெருக்கமான கால்களோடு குறுக்கே நின்ற பழைய லண்டன் பாலத்தை 1831இல் புதுப்பாலம் திறந்த பிறகு இடித்து அகற்றினார்கள். அதுவரை அணை மாதிரித் தடுத்துக்கொண்டிருந்தது போனதும் ஆற்றின் வேகம் கூடியது. கூடிய வேகம் வாட்டர்லூ பாலத்தின் தூணடியை அரிக்கத் தொடங்கியது. 1880களில் சேதத்தைக் கண்டுகொண்டார்கள். 1920களில் ஒரு தூண் அமிழ்ந்தது. 1924இல் பாலத்தை மூட வேண்டி வந்தது. பிறகு 1930களில் இடித்தே விட்டார்கள். கல்லடியில் இரும்புப் பாலம் வந்த அதே ஆண்டில் லண்டனில் அந்தக் கருங்கல் பாலம் மூடப்பட்டது. ஓரிடத்தில் ஆற்றைத் தொட்டால் இன்னோரிடத்தில் பாலம் அசையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. வாவியோரத்தை மண் போட்டு நிரப்புகிறவர்களும் கண்ணா மரங்களை வெட்டுகிறவர்களும் ஆற்றிலே மணல் அள்ளுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டம் ஒடுங்கினால் வேகம் கூடும். மணல் போனால் அடி இறங்கும். எங்கேயோ அள்ளிய மணலுக்கு எங்கேயோ இருக்கிற மதகு விலை கொடுக்கும்.

2004 மார்கழி 26இல் கடல் கல்லடிக்குள் புகுந்தது. கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. கல்லடியில் உள்ள திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்தது. இரும்புப் பாலம் நின்றது. அது அன்று விழுந்திருந்தால் கல்லடியிலிருந்து காயப்பட்டவர்களை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்வழி இருந்திருக்காது. எண்பது வயதான ஒரு பாலம் அந்த நாளில் செய்த உதவியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

பக்கத்திலேயே புதுப்பாலம் 2013 பங்குனி 22இல் திறந்தது. ஜப்பானியக் கடனுதவி, 288 மீற்றர் நீளம், 14 மீற்றர் அகலம், கொங்கிறீட். இரண்டு பக்கமும் வாகனம் நிற்காமல் போகிறது. அது எங்களுக்கு அவசியமாக இருந்தது, நல்லபடியாகக் கட்டியிருக்கிறார்கள். கொங்கிறீட்டுக்குப் பராமரிப்பு வேண்டாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். உப்புக்காற்று மெல்ல உள்ளே இறங்கும். உள்ளே கிடக்கும் கம்பி துருப்பிடித்தால் பெருத்துக் கொங்கிறீட்டை உடைத்து வெளியே வரும். எங்கள் கரையோரத்தில் வீட்டுக் கூரைத்தட்டு பெயர்ந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

பழைய பாலத்தை இடிக்காமல் விட்டார்கள். அது நல்ல முடிவு. இடிக்காமல் விடுவது வேறு, காப்பாற்றுவது வேறு. பாரமான வாகனம் போகாத பாலத்துக்குப் பணம் ஒதுக்குவது யாருக்கும் கசக்கும். ஆனால் இரும்பு வாகனத்தால் கெடுவதைவிட உப்பாலும் குப்பையாலும் கெடுவது அதிகம், வாகனம் நின்றதால் அது நிற்பதில்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: மாரிக்கு முன்னர் ஒருமுறை குப்பை அகற்றி, நகரும் முனைகளைத் துப்புரவாக்க வேண்டும். மாரிக்குப் பிறகு ஒருமுறை தோணியில் போய்க் கயிற்றாலும் கோலாலும் தூணடியை அளக்க வேண்டும். அளந்த எண்களை வருஷ வாரியாக ஒரே கொப்பியில் எழுதி, வருகிற உத்தியோகத்தர்களுக்குக் கைமாற்ற வேண்டும். பாலத்தை வரலாற்றுச் சின்னமாகப் பெயின்ற் பூசி விளக்குப் போட விரும்புகிறவர்கள் அதையும் செய்யட்டும். முதலில் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள்.

படுவான்கரை மதகுகளுக்குப் பேர்ப்பலகையும் இல்லை, விளக்கும் இல்லை. வீதி அகலமாக்கும்போது நல்ல கருங்கல் வேலையை விசாரிக்காமல் உடைத்து, கொங்கிறீட் குழாய் புதைத்துவிடுகிறார்கள். சில இடத்தில் அது தேவைதான். வெள்ளம் போக வழி போதாத மதகை வைத்துக்கொண்டு அழ முடியாது. உறுதியாக நின்று போதுமான தண்ணீரையும் விடுகிற ஒரு பழைய மதகை உடைப்பதற்கு முன்னர், ஒரே ஒருமுறை யாராவது கீழே இறங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

வீதியால் போகிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மதகுச் சுவரின் கற்பொருத்தில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ இரண்டு இலையோடு நிற்பதைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு இலையில் அது ஒரு கை வேலை. அது மரமான பிறகு பிடுங்கினால் கற்களும் சேர்ந்துதான் வரும். வெட்டி, வேரைச் சாகடித்து, பொருத்தைக் கிளறி மறுபடி திணிக்க ஒரு மேசனும் இரண்டு கையாளும் நாள் கணக்கில் வேலை செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்த மேசன்மார் இப்போது எங்கள் பக்கத்தில் மிகச் சிலரே இருக்கிறார்கள்.